மன்னிப்பு வாரியத்தில் யார் உட்காருகிறார்கள்? அமெரிக்க மாநிலங்களின் நியமன முறைகள்

வைகைக்கரையான்:

ஓக்லஹோமா ஆளுநர் கெவின் ஸ்டிட்டின் இரண்டாவது பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. கூடவே அந்த மாநிலத்தின் மன்னிப்பு, பரோல் (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுவிப்பது) வாரியத்தில் உள்ள ஐந்து உறுப்பினர்களின் காலமும் முடிகிறது. உறுப்பினரின் பதவிக்காலத்தை ஆளுநரின் பதவிக்காலத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது அந்த மாநில அரசமைப்பு. மரண தண்டனையை இன்றும் நிறைவேற்றுகிற ஒரு மாநிலத்தில், கருணை மனு கேட்கிற வாரியம் மொத்தமும் ஒரே வீச்சில் மாறலாம்.

"ஆளுநர் கருணை காட்டினார், காட்டவில்லை" என்றுதான் செய்தி வருகிறது. ஆனால் ஓக்லஹோமா, டெக்சாஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் வாரியம் பரிந்துரைக்காமல் ஆளுநரால் தண்டனையைக் குறைக்கவே முடியாது. ஜார்ஜியாவில் ஆளுநருக்கு அந்த அதிகாரமே கிடையாது. அப்படியானால் தண்டனைக் குறைப்பின் தலைவிதி உறுப்பினரை நியமிக்கும் நாளிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. நியமனத்தைப் பற்றி மட்டும் இங்கே பேசலாம்: யார் நியமிக்கிறார்கள், என்ன தகுதி கேட்கிறார்கள், எத்தனை ஓட்டு வேண்டும், நாற்காலி காலியானால் என்ன ஆகிறது. தனித்தனி வழக்குகளின் நியாயம் வேறு இழைக்குப் போகட்டும்.


பழைய வக்கீல்:

பென்சில்வேனியாவிலிருந்து தொடங்குகிறேன். நியமன விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அங்கே வாரியத்தில் ஐந்து பேர். துணை ஆளுநர் தலைவர், அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) இன்னொருவர். இருவரும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். மற்ற மூவரை ஆளுநர் நியமிக்கிறார், செனட் (மாநில மேலவை) சம்மதம் வேண்டும், ஆறு ஆண்டுக் காலம். அந்த மூன்று இடமும் யாருக்கென்று அரசமைப்பிலேயே இருக்கிறது: குற்றத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர், சிறைத் துறை வல்லுநர் ஒருவர், மூன்றாமவர் மருத்துவர் அல்லது மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர்.

1997க்கு முன் இந்த வரிசை வேறு மாதிரி இருந்தது. பாதிக்கப்பட்டவருக்கான இடத்தில் அப்போது ஒரு வழக்கறிஞர் இருந்தார். ரெஜினால்ட் மெக்ஃபாடன் என்ற ஆயுள் கைதியின் தண்டனையைக் குறைக்க வாரியம் 4-1 என்று பரிந்துரைத்தது, ஆளுநர் குறைத்தார். 1994இல் வெளியே வந்தவர் சில மாதங்களுக்குள் நியூயார்க் மாநிலத்தில் கொலைகள் செய்தார். வாரியத் தலைவராக இருந்து ஆதரித்து ஓட்டளித்த துணை ஆளுநர் மார்க் சிங்கல் அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்று டாம் ரிட்ஜிடம் தோற்றார். அடுத்து வந்தது 1997 திருத்தம். ஆயுள், மரண தண்டனைகளைக் குறைக்கப் பெரும்பான்மை போதாது, ஐந்து பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றானது.

விளைவு கணக்கிலேயே தெரிகிறது. 1970களில் ஆளுநர் மில்டன் ஷாப் காலத்தில் 251 ஆயுள் கைதிகளுக்குத் தண்டனை குறைந்தது. ரிட்ஜ் காலத்தில் ஒருவருக்கும் இல்லை. பின்னால் வந்த கார்பெட் காலத்திலும் இல்லை. பென்சில்வேனியாவில் ஆயுள் என்றால் பரோல் இல்லாத ஆயுள். 5,000 பேருக்கு மேல் அப்படி இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வாரியத்தைத் தவிர வேறு வாசல் இல்லை.


நிலா சேகர்:

வக்கீல் சார் சொன்னதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நல்ல மனுவுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் ஆம் சொல்ல 80 சதவீதம் வாய்ப்பு உண்டு என்று வையுங்கள், ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கவில்லை என்றும் வையுங்கள். ஐந்தில் மூன்று போதும் என்றால் அந்த மனு 94 சதவீதம் தேறும். ஐந்தும் வேண்டுமென்றால் 33 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். அதே ஆட்கள், அதே மனம், அதே மனு. நிஜத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் முடிவெடுப்பார்கள், ஆகவே எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது. போக்கு இதுதான்.

அதனால் ஒருமித்த ஓட்டு கேட்கிற வாரியத்தில் நியமனத்தின் கணக்கே மாறிவிடுகிறது. நால்வரை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஐந்தாமவர்தான் தீர்மானிக்கிறார். பென்சில்வேனியாவில் அந்த ஐந்தாமவர் பெரும்பாலும் அட்டர்னி ஜெனரல். அவரை யாரும் நியமிப்பதில்லை. குற்றவாளிகளைத் தண்டிக்கிற அலுவலகத்தின் தலைவர் அவர், அடுத்து ஆளுநராக நினைக்கிறவர். 1994இல் நடந்தது ஒவ்வொரு அட்டர்னி ஜெனரலுக்கும் மனப்பாடம்.

விதிவிலக்கும் நடந்தது. டாம் வுல்ஃப் ஆளுநராக இருந்த எட்டு ஆண்டில் 53 ஆயுள் கைதிகளுக்குத் தண்டனை குறைந்தது. அதில் பெரும்பகுதி ஜான் ஃபெட்டர்மன் 2019இல் துணை ஆளுநராகி வாரியத் தலைவரான பிறகு. விண்ணப்பக் கட்டணத்தை நீக்கினார்கள், மனுக்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். விதி மாறவில்லை, தலைவர் நாற்காலியில் இருந்தவர் மாறினார்.


வைகைக்கரையான்:

சரி, ஓக்லஹோமா? அங்கே மூன்று பேர் வெவ்வேறாக நியமிக்கிறார்களே, அது நல்ல ஏற்பாடு இல்லையா?


நிலா சேகர்:

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஐவரில் மூவரை ஆளுநர் நியமிக்கிறார், ஒருவரை மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, இன்னொருவரைக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர். பகுதிநேரப் பதவி. உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் அந்த மாநில நீதிமன்றங்களில் கடுங்குற்ற வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஆஜராகக் கூடாது. நினைத்தபோது நீக்கவும் முடியாது, சட்டம் சொல்கிற காரணம் வேண்டும். குறைந்தது இருவருக்காவது மனநலம், போதை மீட்பு, சமூகப்பணி ஆகியவற்றில் அனுபவம் இருக்க வேண்டும் என்று பின்னால் சேர்த்தார்கள். அந்தச் சேர்ப்பு நல்ல பலன் தந்தது என்பது என் கருத்து. 2019 நவம்பரில் போதைப்பொருள் வைத்திருந்தது போன்ற சிறு குற்றங்களுக்கு 500க்கு மேற்பட்டோருக்கு ஒரே கூட்டத்தில் தண்டனைக் குறைப்பு பரிந்துரைத்தார்கள். மூன்று நாளில் 462 பேர் வெளியே வந்தார்கள்.

கோளாறு எங்கே என்றால் எண்ணிக்கையில். மூன்று ஓட்டு வேண்டும். ஐவரும் இருந்தால் அது 60 சதவீதம். ஒருவர் விலகினால் நால்வரில் மூவர், 75 சதவீதம். இருவர் இல்லையென்றால் இருக்கிற மூவரும் ஒத்துப்போக வேண்டும். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாமல் தண்டனைக் குறைப்பின் தடை உயர்ந்துகொண்டே போகிறது.

மரண தண்டனைக் கைதி ரிச்சர்ட் கிளாசிப்பின் வழக்கு 2023 ஏப்ரலில் வாரியத்துக்கு வந்தது. மாநில அட்டர்னி ஜெனரலே கருணை காட்டச் சொன்னார். அரசுத் தரப்பு இப்படிப் பேசுவது மிக அரிது. உறுப்பினர் ஒருவர், தம் மனைவி அந்த வழக்கில் அரசு வழக்கறிஞராக இருந்ததால் விலகிக்கொண்டார். விலகியது முறைதான். மற்ற நால்வர் 2-2. சமநிலை என்றால் மனு தள்ளுபடி. பரிந்துரை இல்லாமல் ஆளுநரால் செய்ய முடிந்தது தற்காலிக ஒத்திவைப்பு மட்டுமே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2025 பிப்ரவரியில் தீர்ப்பையே ரத்து செய்து புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. நடுவில் ஒரு மனித உயிர் ஒரு காலி நாற்காலியைப் பொறுத்து நின்றது. காலி நாற்காலி நடுநிலை வகிக்காது. அது எப்போதும் "வேண்டாம்" பக்கம்தான் எண்ணப்படும்.

2021இல் இன்னொரு மரண தண்டனைக் கைதி ஜூலியஸ் ஜோன்ஸின் மனு 3-1 என்று தேறியது, அங்கேயும் நால்வர் ஓட்டுதான். அந்த மனுவின்போது மாவட்ட அரசு வழக்கறிஞர் இரண்டு உறுப்பினர்களை விலக்க வேண்டும் என்று நீதிமன்றம் போனார். மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் 3-1 வந்திருக்கவே வழியில்லை.


தென்காசி மணி:

டெக்சாஸ் நடைமுறையைச் சொல்கிறேன். நியமனம் படிப்படியாக எப்படி நகர்கிறது என்பதை அதில் பார்க்கலாம்.

வாரியத்தில் ஏழு பேர், ஆறு ஆண்டுக் காலம். எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாது. ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரி 1ஆம் தேதி இரண்டு அல்லது மூன்று பேருக்கு முடியும். வேண்டுபவர்கள் ஆளுநர் அலுவலகத்தின் நியமனப் பிரிவில் விண்ணப்பிக்கிறார்கள். தகுதிச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு: இரண்டு ஆண்டாக மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும், சிறைத் துறையில் வேலை பார்த்தவர் விலகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், முன்னாள் சிறைத் துறை ஊழியர்கள் ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் கூடாது, சிறைத் துறையோடு பண வரவு உள்ள நிறுவனத்தில் அவரோ கணவன் மனைவியோ இருக்கக் கூடாது. பெயர் முடிவானதும் பின்னணி விசாரணை. அதற்குப் பிறகு பெயர் செனட்டுக்குப் போகும். நியமனக் குழு விசாரித்து அவைக்கு அனுப்பும், வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அந்த உறுப்பினர் வசிக்கும் தொகுதியின் செனட்டர் வேண்டாம் என்றால் மற்றவர்கள் அதை மதித்துப் பெயரைக் கைவிடுவது அங்கே பழக்கம்.

இடைக்காலம் பற்றிப் பலருக்குத் தெரியாது. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான், அதுவும் 140 நாள் கூடுகிறது. இடையில் நியமிக்கப்பட்டவர் உறுதிப்படுத்தப்படாமலேயே வேலை பார்ப்பார், ஓட்டும் போடுவார். செனட் நிராகரித்தால் அந்தப் பதவிக்கு அவரைத் திரும்பப் போட முடியாது. காலம் முடிந்தவரும் அடுத்தவர் வரும்வரை தொடரலாம். ஆளுநர் புதுப் பெயர் சொல்லாமல் தள்ளிப்போட்டால் பழையவர் அவர் தயவில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிக் காலம் தாண்டி உட்காருகிறவரிடம் சுதந்திரமான ஓட்டை எதிர்பார்ப்பது கஷ்டம்.

பதவிக்காலத்தை மாற்றி மாற்றி வைத்தால் ஒரே ஆளுநர் பிடியில் வாரியம் சிக்காது என்பார்கள். ஏழு இடம், ஆறு ஆண்டு என்றால் ஒரு நான்காண்டுப் பதவிக்காலத்திலேயே நான்கு அல்லது ஐந்து இடம் வந்துவிடும், அதாவது பெரும்பான்மை. கிரெக் அபட் 2015 ஜனவரியிலிருந்து ஆளுநர். ஆகவே ஏழு நாற்காலியும் அவர் நியமித்தவை அல்லது மறுநியமனம் செய்தவை. தலைவரைக் குறிப்பதும் அவர்தான்.


பழைய வக்கீல்:

மணி சொன்னதன் விளைவு இரண்டு சம்பவங்களில் தெரிகிறது. 2023இல் ஆஸ்டினில் டேனியல் பெரி என்பவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பான மறுநாளே, மன்னிப்பு மனுவை விரைவாகப் பாருங்கள் என்று ஆளுநர் வாரியத்துக்குப் பகிரங்கமாகச் சொன்னார். 2024 மே மாதம் வாரியம் ஒருமனதாகப் பரிந்துரைத்தது, அன்றே மன்னிப்பு. இன்னொன்று ஜார்ஜ் ஃப்ளாய்டின் பழைய ஹூஸ்டன் போதை வழக்கு. 2021இல் மரணத்துக்குப் பிந்தைய மன்னிப்பை வாரியம் ஒருமனதாகப் பரிந்துரைத்தது. டிசம்பரில் நடைமுறைத் தவறு என்று சொல்லி அதையும் சேர்த்து 25 பரிந்துரைகளைத் திரும்பப் பெற்றது, அடுத்த ஆண்டு மறுத்தது.

அதற்காக டெக்சாஸ் வாரியம் எப்போதும் மறுக்கும் என்று எழுதிவிடக் கூடாது. 2018இல் மரண தண்டனைக் கைதி தாமஸ் விட்டேக்கருக்கு 7-0 என்று பரிந்துரைத்தார்கள், அபட் தண்டனையைக் குறைத்தார். அதில் கொலை செய்யப்பட்டவர்களின் கணவரும் தந்தையுமானவரே, தம் மகனான விட்டேக்கருக்காக மன்றாடினார்.

இன்னொரு விஷயம்: டெக்சாஸ் சட்டப்படி கருணை மனுவுக்காக உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை. அவரவர் இடத்திலிருந்து ஓட்டை அனுப்பலாம். ஏழு பேரை எவ்வளவு நல்லவர்களாகத் தேர்ந்தெடுத்தாலும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் ஓட்டளித்தால், வெவ்வேறு துறை ஆட்களைப் போட்டதன் பலன் கிடைப்பதில்லை. உளவியலாளர் படித்ததை முன்னாள் காவலர் கேட்க வேண்டும், காவலர் கேட்டதை உளவியலாளர் மறுக்க வேண்டும். அப்போதுதான் அது வாரியம்.


கருப்பையா எம்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மெக்ஃபாடன் கொன்றவர்களைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள் வக்கீல் ஐயா. அலபாமாவையும் சொல்ல வேண்டும். ஜிம்மி ஸ்பென்சர் என்ற ஆயுள் கைதிக்கு அந்த மாநில வாரியம் 2017இல் பரோல் கொடுத்தது. 2018 ஜூலையில் கண்டர்ஸ்வில் ஊரில் மூன்று பேரைக் கொன்றார், அதில் ஒருவன் ஏழு வயதுப் பையன். அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நியமிக்கப்பட்ட மூன்று பேரை எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டு வாங்கி வந்த ஆளுநருக்குப் பொறுப்பு இருக்க வேண்டும், வாரியத்தில் கொடுங்குற்றங்களை விசாரித்த அனுபவம் உள்ளவர் இருக்க வேண்டும் என்று 2019இல் சட்டம் கொண்டுவந்தது சரிதான் என்பேன். பாதிக்கப்பட்டவருக்குப் பென்சில்வேனியா ஒரு நாற்காலி கொடுத்ததும் சரிதான்.


நிலா சேகர்:

கருப்பையா அண்ணே, பாதிக்கப்பட்டவருக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த நாற்காலிக்காக வழக்கறிஞர் நாற்காலியை எடுத்ததுதான் தவறு. ஆறாவது, ஏழாவது இடம் சேர்த்திருக்கலாம்.

அலபாமா திருத்தத்தை முழுதாகப் பார்ப்போம். முன்பு தலைமை நீதிபதி, குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர், துணை ஆளுநர், சபாநாயகர், செனட்டின் இடைக்காலத் தலைவர் ஆகியோர் சேர்ந்து பெயர்ப் பட்டியல் தருவார்கள். அதிலிருந்துதான் ஆளுநர் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019க்குப் பிறகு பட்டியல் தருவது அரசியல் பதவியில் உள்ள மூவர் மட்டும். நீதிபதிகள் இருவரும் போய்விட்டார்கள். மூவரில் ஒருவராவது கொடுங்குற்ற விசாரணை போன்ற வேலை செய்யும் காவல் அமைப்பில் பத்தாண்டு அனுபவம் உள்ள இந்நாள் அல்லது முன்னாள் அதிகாரி. நிர்வாக இயக்குநரை நியமிப்பதும் ஆளுநர் கைக்குப் போனது.

அதற்கு முன் பரோல் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிடைத்தது. 2023 நிதியாண்டில் 8 சதவீதம். வாரியத்தின் சொந்த வழிகாட்டு மதிப்பெண்கள் எத்தனையோ பேரைத் தகுதியானவர் என்று சொல்லியும் மறுத்தார்கள். மூன்று பேர் வாரியத்தில் ஒரு இடம் காலியானால் மற்ற இருவரும் ஒத்துப்போக வேண்டும், 1-1 என்றால் மறுப்பு. மன்னிப்பு வழங்குவதும் இதே மூவர்தான். ஸ்பென்சரை வெளியே விட்டது அவரைப் பற்றிய தகவலைச் சரியாகச் சேகரிக்காத தவறு. அதற்கு மருந்து விசாரணை அதிகாரிகளைக் கூட்டுவது. எல்லோருக்கும் கதவைச் சாத்துவது இல்லை.


கருப்பையா எம்:

தகவல் சேகரிப்பு என்ற இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வாரியம் யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தால் மட்டும் நல்லதா? ஜார்ஜியாவில் ஆளுநருக்கு அதிகாரமே இல்லையே. ஐந்து பேர், ஏழு ஆண்டு. மரண தண்டனைக் கைதி ட்ராய் டேவிஸுக்கு 2011இல் கருணை மறுத்தது அந்தச் சுதந்திர வாரியம்தான்.


பழைய வக்கீல்:

சரியான கேள்வி. ஜார்ஜியா, டெக்சாஸ் வாரியங்கள் பிறந்ததே ஆளுநர்களின் முறைகேட்டால். டெக்சாஸில் இருவருமே ஆளுநராக இருந்த ஃபெர்குசன் தம்பதி காலத்தில் மன்னிப்பு தாராளமாகப் போனதும், விலைக்குப் போவதாகப் பேச்சு எழுந்ததும் 1936 திருத்தத்துக்கு வழிவகுத்தன. ஜார்ஜியாவில் 1943இல் ஆளுநர் எல்லிஸ் ஆர்னல் காலத்தில் அதிகாரத்தையே ஆளுநரிடமிருந்து எடுத்தார்கள். நோக்கம் ஊழலைத் தடுப்பது, அது நடந்தது. கருணையைக் கூட்டுவது அந்த ஏற்பாட்டின் நோக்கமாக இருந்ததே இல்லை.

ஏழு ஆண்டு என்பதும் பார்க்கத்தான் நீளம். இரண்டு முறை ஜெயிக்கிற ஆளுநர் எட்டு ஆண்டில் ஐந்து இடத்தையும் நிரப்பிவிடுவார்.

பொறுப்பு என்கிற உங்கள் வாதத்துக்கு எதிரான உதாரணம் கனெக்டிகட். அங்கே வாரியம் 2021இலிருந்து நீண்ட தண்டனைகளைக் குறைக்கத் தொடங்கியது, கொலைக் கைதிகளும் அதில் உண்டு. எதிர்ப்பு கிளம்பியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் லமான்ட் தலைவரை மாற்றினார், தண்டனைக் குறைப்பு விசாரணைகள் நின்றன. பழைய தலைவர் உறுப்பினராகத் தொடர்ந்தார். யாரையும் நீக்கவில்லை, சட்டம் மாறவில்லை. தலைவரைக் குறிக்கும் அதிகாரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. நியமனச் சட்டம் எழுதுகிறவர்கள் உறுப்பினர் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு வரியில் விடுகிறார்கள். ஜார்ஜியாவில் உறுப்பினர்களே தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் அது மேல்.


குமரித் துறைவன்:

நம் ஊரில் இதற்கு வாரியமே இல்லையே. அரசமைப்பின் 161ஆவது பிரிவுப்படி ஆளுநர், அமைச்சரவை ஆலோசனை. ஒப்பிட முடியுமா?


பழைய வக்கீல்:

ஓரளவு. 161இல் ஆளுநர் தனியாக முடிவெடுக்க முடியாது, அமைச்சரவையின் ஆலோசனைதான் முடிவு என்று உச்ச நீதிமன்றத்தின் மாரு ராம் வழக்கிலேயே வந்துவிட்டது. பேரறிவாளன் விஷயத்தில் 2018 செப்டம்பர் 9 அன்று அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைக் கையில் எடுத்து விடுதலை செய்தது. அங்கே காலி நாற்காலி செய்கிற வேலையை இங்கே நகராத கோப்பு செய்தது.

முன்கூட்டிய விடுதலைக்குத் தண்டனை மறுஆய்வு வாரியம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த வடிவம் உண்டு: உள்துறைச் செயலர், சட்டச் செயலர், உயர் நீதிமன்றம் குறிக்கும் மாவட்ட நீதிபதி, தலைமை நன்னடத்தை அலுவலர், மூத்த காவல் அதிகாரி, சிறைத் துறைத் தலைவர். எல்லாம் பதவி வழி வருகிறவர்கள். யாரை நியமிப்பது என்ற போட்டி இல்லை. ஆனால் ஆறு பேரும் அரசுக் கோப்போடு பழகியவர்கள், வெளியாள் ஒருவரும் இல்லை.


வைகைக்கரையான்:

நெப்ராஸ்காவும் அப்படித்தானே, ஆளுநர், மாநிலச் செயலர், அட்டர்னி ஜெனரல் மூவரே வாரியம். சரி, யாராவது இந்தக் கோளாறுகளைச் சரிசெய்திருக்கிறார்களா?


நிலா சேகர்:

துண்டு துண்டாக. யூட்டாவில் ஐந்து முழுநேர உறுப்பினர்கள், கூடவே ஐந்து பேர் வரை தற்காலிக உறுப்பினர்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒருவர் விலகினால் இன்னொருவர் உட்காரலாம். கிளாசிப் விசாரணையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் 2-2 என்ற கேள்வியே எழாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான், செலவும் அதிகமில்லை.

ஐடஹோவில் ஏழு பேரில் ஒரு கட்சிக்காரர் நால்வருக்கு மேல் கூடாது. 2021இல் மரண தண்டனைக் கைதி ஜெரால்ட் பிசுடோவுக்கு 4-3 என்று தண்டனைக் குறைப்பு பரிந்துரை வந்தது. ஆளுநர் ஏற்கவில்லை, அவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கட்சியே ஆளுகிற மாநிலத்தில் கட்சி வரம்பு பெரிதாக ஒன்றும் மாற்றிவிடாது என்பதும் உண்மை.

மினசோட்டா 2023இல் பெரிய வேலை செய்தது. முன்பு ஆளுநர், அட்டர்னி ஜெனரல், தலைமை நீதிபதி மூவரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். இப்போது ஆளுநரும் மற்ற இருவரில் ஒருவரும் போதும். மனுக்களை முதலில் கேட்க ஒன்பது பேர் ஆணையம் ஒன்று. மூவரும் ஆளுக்கு மூன்று பேரை நியமிக்கிறார்கள். ஒருவர் தாமதித்தாலும் ஆறு பேர் இருப்பார்கள், வேலை நிற்காது.


தென்காசி மணி:

காலக்கெடு விஷயத்தில் பென்சில்வேனியாவைப் பாராட்ட வேண்டும். இடம் காலியான 90 நாளுக்குள் ஆளுநர் பெயர் அனுப்ப வேண்டும். செனட் 25 அவை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சம்மதித்ததாகக் கொண்டு அவர் பதவி ஏற்கலாம். கவனம்: அவை நாள் என்பது செனட் கூடுகிற நாள், நாட்காட்டி நாள் இல்லை. 25 அவை நாள் சில மாதங்களுக்கு இழுக்கும். ஆனாலும் மௌனம் சம்மதமாக எண்ணப்படுகிறதே, அது முக்கியம். பல மாநிலங்களில் செனட்டின் மௌனம் நிராகரிப்பாகவோ முடிவில்லாத காத்திருப்பாகவோ ஆகிவிடுகிறது.


கருப்பையா எம்:

ஒத்துக்கொள்கிறேன். காலி இடம் யாருக்கும் நல்லதில்லை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் இல்லை. விசாரணை ஒத்திப்போனால் அவர்களும் மறுபடி மறுபடி வந்து அதே கொடுமையைப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும் வையுங்கள்: தற்காலிக உறுப்பினர் பட்டியலிலும் பாதிக்கப்பட்டோர் தரப்பு ஆள் இருக்கட்டும். யார் விலகுகிறாரோ அதே துறை ஆள் அவர் இடத்துக்கு வரட்டும்.


நிலா சேகர்:

நியாயமான திருத்தம் அண்ணே. அதே துறை ஆள் என்பதை விதியிலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் மனநல வல்லுநர் விலகும்போது அந்த இடத்தில் இன்னொரு முன்னாள் அரசு வழக்கறிஞரை உட்கார வைப்பார்கள்.


பழைய வக்கீல்:

ஓக்லஹோமாவுக்கே திரும்புகிறேன், 2027 ஜனவரி அங்கேதான் வருகிறது. பெயர்கள் அறிவிக்கப்படும்போது பார்க்க வேண்டியவை. அந்த நபர் எந்த மாவட்டத்தில் எந்த ஆண்டுகளில் அரசு வழக்கறிஞராகவோ காவல் அதிகாரியாகவோ இருந்தார்? அந்த ஆண்டுகளில் அங்கிருந்து மரண தண்டனைக்குப் போனவர்கள் யார்? அந்த ஒவ்வொரு மனுவிலும் அவர் விலக நேரிடும், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டு என்பது நால்வரில் மூன்றாகும். கணவன் மனைவியின் வேலைக்கும் இதே கேள்வி. ஒரே மாவட்டத்து அலுவலகத்திலிருந்து இருவரைப் போட்டால் அந்த மாவட்டத்து மனுக்களில் இருக்கப் போவது மூவர்.

தலைமை நீதிபதியும் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவரும் தங்கள் பெயரை எப்போது தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆளுநரின் மூன்று பெயருக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அந்த இரண்டு பெயருக்குக் கிடைப்பதில்லை. அதோடு, முதல் மரண தண்டனை விசாரணைத் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் ஐந்து பேரும் பதவி ஏற்கிறார்கள்? ஒரு மரண தண்டனைக் கோப்பு ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கும். பகுதிநேர உறுப்பினர் ஒருவர் அதை முழுக்கப் படிக்கக் குறைந்தது சில வாரங்களாவது வேண்டும்.